பட்டை டப்பாவில் விழுந்த கறுப்புத் துண்டு

என் மேசை இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவே ஒரு சிறிய உறை கிடக்கிறது. ஒரு பக்கம் வெள்ளைக் காகிதம், மறுபக்கம் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். பல் பிடுங்கும் குறடு, கண்ணாடி, கொக்கி இவற்றையெல்லாம் கழுவி, இந்த மாதிரி உறையில் போட்டு ஒட்டி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து எடுப்பதுதான் ஆங் மோ கியோ பல் கிளினிக் ஒன்றில் என் வேலை. ஆனால் இந்த உறைக்குள் இருப்பது பல் கருவி இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. ஒரு முனையில் குட்டியாய் ஒரு முளை, நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் தொழிற்சாலையில் போட்டதில்லை. என் கடைவாய்ப் பல் போட்டது. மற்றக் கருவிகளோடு சேர்க்காமல் தனியாக வைத்துத்தான் வேகவைத்தேன். இனி எந்தக் கிருமியும் அதில் உயிரோடு இருக்க வழியில்லை. இருந்தும் அந்த உறையைத் தொட்டால் உடனே கையைக் கழுவத் தோன்றுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தான் ஞாபகம் வருகிறது, வேறு காரணம் இல்லை.

அத்தான் என்றால் என் ஒரே அக்காவின் கணவர். தமிழ்நாட்டிலிருந்து எஞ்சினியர் வேலைக்கு இங்கே வந்து, அக்காவைக் கட்டிக்கொண்டு, தெம்பனிஸில் வீடு வாங்கி உட்கார்ந்தவர். நல்ல படிப்பு, நல்ல சம்பளம், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அவரைப் பற்றிக் குறை சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நானும் வெகுகாலம் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் அவரைச் சைக்கிள் பிடித்துக்கொண்டது. சாதாரண சைக்கிள் இல்லை, ரோடு பைக். ஒரு கையால் தூக்கிவிடலாம். விலையைக் கேட்டால் இரண்டு கையும் தலைக்குப் போகும். ஓட்டினால் மட்டும் போதாது, தானே பிரித்துத் தானே மாட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கடையில் கொடுத்தால் ஏமாற்றிவிடுவார்களாம். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு இறுகியதும் ‘டிக்’ என்று சத்தம் போடுகிற ஒரு திருகி உண்டு. அதை வாங்கச் சொல்லிக் கூட்டாளி ஒருவர் சொன்னபோது அத்தான் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “இதுதான் என்னோட டார்க் ரெஞ்ச். என் கை தப்பாது” என்றார். அந்த உள்ளங்கையை நான் பார்த்தேன். ரேகை முழுக்கக் கறுப்பு. அதே கையால்தான் அக்கா சுட்டு வைத்திருந்த வடையை எடுத்துத் தின்றார்.

அவர் ஓயாமல் பிரித்து மாட்டியது கிராங்க்கையும் பாட்டம் பிராக்கெட்டையும். சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே, அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போய்ப் போய் அவை மனப்பாடம். பெடலைப் பிடித்திருக்கும் இரண்டு உலோகக் கைகள் இருக்கின்றனவே, அவைதான் கிராங்க். வலது கையோடு பல்சக்கரமும் ஒரு குழாய் அச்சும் ஒட்டியிருக்கும். அந்த அச்சு சைக்கிளின் அடிவயிற்றில் உள்ள துளைக்குள் நுழைந்து இடது பக்கம் எட்டிப் பார்க்கும். அதன் மேல் இடது கையைச் செருகி இரண்டு போல்ட்டால் இறுக்க வேண்டும். அச்சு சுழல்வதற்காக அந்தத் துளையில் உட்கார்ந்திருக்கும் பேரிங்குகள்தான் பாட்டம் பிராக்கெட். சைக்கிளிலேயே அசிங்கம் பிடித்த இடம் அதுதான். மழைத்தண்ணீர், மண், ஓட்டுகிறவர் தலையிலிருந்து சொட்டும் வியர்வை எல்லாம் குழாய்வழி இறங்கி அங்கேதான் தேங்கும். இந்த ஊர் வெக்கையில் அத்தானுக்கு ஊற்றுகிற வியர்வை கொஞ்சநஞ்சமில்லை. துரு பிடித்து, கிரீஸ் கறுத்துக் கூழாகி, உப்புப் பூத்து, திறந்ததும் ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை வரும். அதைத் திறப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அக்காவின் சமையலறை.

காரிடாரில் வெளிச்சம் பற்றாதாம். கூடத்துத் தரையில் கறை படிந்துவிடுமாம். ஆக, சோறாக்கும் இடம்தான் அவருக்குத் தோதாகப் போயிற்று. அச்சைத் தட்டி வெளியே எடுக்க ரப்பர் சுத்தியல் வேண்டும். அவர் எடுத்தது சம்பால் இடிக்கும் கல்லின் குழவி. கழற்றிய பல்சக்கரத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு, பாத்திரம் தேய்க்கிற அதே பஞ்சால் தேய்ப்பார். தண்ணீர் கறுப்பாய்ச் சுழன்று இறங்கும். சுற்றி விளிம்பில் எண்ணெய் வளையம் நிற்கும். போல்ட்டுகளைத் தனித்தனியாக அக்காவின் சமையல் தராசில் வைத்து எடை பார்ப்பார். ஒரு நாள் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். துருவிய தேங்காய்க்கும் கழுவி வைத்த இறாலுக்கும் நடுவில், ஒரு பைகூடச் சுற்றாமல், எண்ணெய் பளபளக்க ஒரு பேரிங் உட்கார்ந்திருந்தது. குளிரவைத்தால் கொஞ்சம் சுருங்கி, அழுத்தி ஏற்றும்போது லேசாக நுழையுமாம். “புதுசு லா, சுத்தமாத்தான் இருக்கு” என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அக்கா என் கையைப் பிடித்து, “விடு லா, அவருக்கு இது ஒண்ணுலதான் சந்தோஷம்” என்றாள். இறாலை எடுத்துத் திரும்பவும் கழுவினாள்.

அதைவிட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது பட்டை டப்பா விவகாரம். அக்காவிடம் வட்டமான எவர்சில்வர் டப்பா ஒன்று உண்டு. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி என்று பிரியாணிச் சாமான்கள் மட்டும் அதில் சிறு கிண்ணங்களில் இருக்கும். எல்லாம் சிராங்கூன் சாலையில் ஒரே கடையில் முகர்ந்து பார்த்து வாங்குவாள். அந்த டப்பாவின் மூடிக்கு விளிம்பு உயரம். போல்ட் உருண்டு ஓடாது என்று கண்டுபிடித்துவிட்டார் நம் எஞ்சினியர். மூடியை மல்லாத்தி வைத்து, கழற்றிய சாமான்களையெல்லாம் அதில் போடுவார். வேலை முடிந்ததும் மூடியை ஒரு துடைப்புத் துடைத்து அப்படியே டப்பாவின் மேல் கவிழ்த்துவிடுவார். கிளினிக்கில் ஒரு தட்டில் இருந்த கருவியை இன்னொரு தட்டில் வைத்தாலே எங்களுக்குத் திட்டு விழும். இங்கே கிரீஸ் தட்டு கிராம்புக்கு மூடியாக இருந்தது. கர்மம். அந்த வீட்டில் நான் சாப்பிட்டது அக்காவுக்காக மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய குழு விடியுமுன் கிளம்பித் தீவின் ஒரு பாதியைச் சுற்றிவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வந்து முடியும். சாமான் வாங்க அக்காவோடு போகையில் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் படித்த நடுத்தர வயதுத் தமிழர்கள். உடம்போடு ஒட்டிய ஈர உடுப்பு, தொப்பை தனியாகத் தெரியும், அது பற்றிக் கூச்சம் கிடையாது. நாற்காலியை விட்டு எழுந்தால் உட்கார்ந்த இடத்தில் ஈரம் நிற்கும். அடுத்து வருகிறவர் அதில் உட்கார வேண்டும். தோசைக்கு நடுவே அவர்கள் பேசுவது முழுக்க எடை. யாருடைய கிராங்க் எத்தனை கிராம், யார் எந்த போல்ட்டை மாற்றி எவ்வளவு குறைத்தார். உலோகத்தின் எடை முடிந்ததும் மனிதர்களின் எடைக்கு வருவார்கள். எதிரே போகிற பெண்ணிலிருந்து பரிமாறுகிறவர் வரை ஒருவரையும் விடமாட்டார்கள். அக்கா அந்த மேசையில் உட்கார்ந்து சாம்பாரைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருப்பாள். அவள் கனத்த உடம்புக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். நடந்தால் முட்டி வலித்தது. அத்தான் ஒதுக்கிப்போட்டிருந்த ஒரு பழைய ரோடு பைக் காரிடாரில் கிடந்தது; ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் அதைக் கீழே இறக்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி ஓட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் பேச்சே மாறிவிட்டது. கடற்கரைப் பாதையில் காற்று எப்படி அடித்தது, ஏற்றத்தில் மூச்சு எங்கே திணறியது, எங்கே விட்டுவிடாமல் மிதித்தாள் என்று போனில் எனக்குச் சொல்வாள். அத்தனை வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. காலில் மாட்டிக்கொண்டு பெடலோடு பூட்டுகிற சப்பாத்துகூட வாங்கிவிட்டாள். “வண்டியில ஏறிட்டா நான் குண்டுன்னே எனக்குத் தெரியல” என்றாள் ஒரு தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவோடு ஒரு ஞாயிறு முழுத் தூரமும் ஓட்டி, லிட்டில் இந்தியாவில் அந்த மேசையில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கூட வந்தவளாக இல்லை, ஓட்டி வந்தவளாக.

அத்தானும் சம்மதித்தார். சம்மதித்ததோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது. தனக்குப் புது கிராங்க் வாங்கிக்கொண்டு, தன்னுடைய பழையதைக் கழற்றி அக்காவின் சைக்கிளுக்கு மாட்டிவிடுவதாகச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் சமையலறையில் கடை பரப்பினார். நானும் அங்கேதான் இருந்தேன். மல்லாத்திய பட்டை டப்பா மூடியில் போல்ட்டுகள் கிடந்தன. வேலை முடியும் நேரத்தில் திடீரென்று குப்புறப் படுத்து, கைப்பேசி விளக்கை அடித்து, அலமாரிக்கு அடியில் துழாவ ஆரம்பித்தார். என்னவென்று அக்கா கேட்டாள். “கரப்பான் பூச்சி. இப்பத்தான் உள்ள ஓடுச்சு. என்ன கிச்சன் வச்சிருக்க நீ?” என்றார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. வீட்டைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிட்டவள் அவள். அன்று சாயந்திரம் முழுக்க அலமாரிகளைக் காலி செய்து, மருந்தடித்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். ஒரு கரப்பான் இறக்கைகூடக் கிடைக்கவில்லை. அத்தான் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார்.

மறுநாள் காலை ஒரு மேம்பால ஏற்றத்தில், அக்கா எழுந்து நின்று மிதித்தபோது இடது பக்கக் கிராங்க் அச்சிலிருந்து அப்படியே கழன்று வந்துவிட்டது. சப்பாத்து பெடலோடு பூட்டியிருந்ததால் உலோகக் கை காலோடு தொங்க, முகம் தரையில் மோத விழுந்தாள். முழங்கையில் எலும்பு விரிசல், தாடையில் தையல், முன்பல் ஒன்று பாதி உடைந்துபோயிற்று. பின்னால் வந்த கார் நின்றுவிட்டது. நிற்காமல் போயிருந்தால் என்ற நினைப்பை நான் இன்றும் முழுசாக நினைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்குக் கீழே அவளுடைய இடது சப்பாத்து இருந்தது, பெடலும் கிராங்க்கும் அதனோடு ஒட்டியபடி. தாதி ஒருவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலால் ஓரமாகத் தள்ளினார்.

குழுவில் நாலைந்து பேர் ஈர உடுப்போடு அங்கேயே நின்றார்கள். எப்படிக் கழன்றது என்று ஒருவர் கேட்டார். அத்தான் தயங்கவே இல்லை. “இவ வெயிட்டுக்கு எந்திரிச்சு நின்னு மிதிச்சா எந்தக் கிராங்க்கும் கழண்டு வந்துரும்யா. அந்தச் சாமான் இந்த மாதிரி ஆளுக்குப் போட்டதில்ல” என்றார். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர் லேசாகச் சிரித்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அக்கா படுத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்திருக்கும். அவர் எதிரே போய் நின்றேன். ஆனால் கிராங்க்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும், எதை வைத்து மறுத்துப் பேசுவது? திரையை விலக்கி உள்ளே போனேன். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. கை சரியானது, எங்கள் கிளினிக் டாக்டர் பல்லையும் ஒட்டி அழகாகச் செய்துவிட்டார். ஆனால் அக்கா சைக்கிளைத் தொடவில்லை. நாற்காலியில் உட்காருமுன் அதன் காலை அசைத்துப் பார்ப்பாள். லிஃப்ட்டில் ஆள் இருந்தால் அடுத்ததுக்குக் காத்திருப்பாள். சோற்றைக் குறைத்தாள், பிறகு யாரும் பார்க்காதபோது நின்றபடி தின்றாள். சர்க்கரை ஏறியது. இரும்பையே பிய்த்துவிடுகிற உடம்பு என்று தன்னைப் பற்றி முடிவு செய்துகொண்டாள். அத்தான் அந்தக் கதையை விடவில்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அக்காவின் எதிரிலேயே சொல்லி, எல்லாரும் சிரித்ததும் தானும் சிரிப்பார். ஒரு மனுஷனை இவ்வளவு அருவருக்க முடியும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சீழ் பிடித்த ஈறையும் அழுகிய பல்லையும் தினமும் கிட்டப் பார்க்கிறவள் நான். அதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை.

கடைசியில் அக்காவின் சைக்கிளை விற்றுவிடுவது என்று ஆயிற்று. அத்தான் கிராங்க்கைத் திரும்ப மாட்டி, துடைத்துப் பளபளப்பாக்கி, இணையத்தில் படம் போட்டார். புதிதாக ஓட்டப் பழகுகிற ஒரு மலாய்ப் பெண் ஞாயிறு சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் அக்கா பிரியாணி செய்தாள். விபத்துக்குப் பிறகு அவள் பிரியாணிக்குக் கை வைத்தது அதுதான் முதல் முறை. ஆட்டிறைச்சி, சீரகச் சம்பா, வீடு முழுக்க வாசனை. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். இரண்டாவது வாயிலேயே என் கடைவாயில் ஏதோ கடிபட்டது. கல்பாசி என்று நினைத்தேன். கல்பாசி என்றால் நைந்து போகும், இது நையவில்லை. தட்டையாய், வழுக்கலாய், முனையில் முள் மாதிரி ஒன்று நாக்கில் குத்தியது. கரப்பான் என்றுதான் முதலில் என் புத்தி போயிற்று. அப்படியே உள்ளங்கையில் துப்பினேன். மசாலாவுக்கு நடுவில் கறுப்பாய் ஒன்று பளபளத்தது. “ஐயோ, மருந்தடிச்சேனே” என்று அக்கா எழுந்துவிட்டாள். அவமானத்தில் அவள் கழுத்து சிவந்துபோயிற்று.

அத்தான் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். “பட்டைத் துண்டா இருக்கும். குடு, நான் தூக்கிப் போடறேன்” என்று கையை நீட்டினார். தின்ற தட்டைக்கூட ஒரு நாளும் எடுத்து வைக்காத மனிதர். அந்த அவசரம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அவர் கை வந்து சேருமுன் அக்கா என் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்தாள். குழாயில் கழுவினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து காரிடாருக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். இரண்டு சைக்கிளும் சுவரோரம் நின்றன. அவருடைய சைக்கிளின் இடது கிராங்க்கில், இரண்டு போல்ட்டுக்கும் நடுவே உள்ள வெட்டில், இதே மாதிரிக் கறுப்புத் துண்டு ஒன்று அழுந்தி உட்கார்ந்திருந்தது. அதன் முளை அச்சில் உள்ள துளைக்குள் இறங்கியிருக்கும்; போல்ட் தளர்ந்தாலும் கை கழன்று வந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது அது. அக்காவின் சைக்கிளில் அந்த இடம் வெற்றாக இருந்தது. அக்கா குனிந்து அந்த வெட்டின் மேல் துண்டை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. கிரீஸோடு மூடியில் ஒட்டிக்கொண்டிருந்து, மூடியைக் கவிழ்த்ததும் கல்பாசிக் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா மேசையருகே நின்றாள்.

“என்னங்க, இது என் சைக்கிளோடதுதானே?”

“அது சும்மா பிளாஸ்டிக் லா. அது இல்லேன்னாலும் ஒண்ணும் ஆகாது. கிராங்க்க புடிச்சிட்டு இருக்கிறது போல்ட்டுதான்.”

“அப்ப போல்ட்டு லூசா இருந்துச்சா?”

அவர் வெங்காயத் தயிரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இது இல்லாம கழண்டுச்சா, போல்ட்டு லூசா இருந்து கழண்டுச்சா?”

“சாப்பாடு ஆறுது. அப்புறம் பேசலாம்.”

“அன்னைக்கு டார்ச் அடிச்சுக் கரப்பான் தேடினீங்களே. இதைத்தானே தேடினீங்க?”

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. துண்டு தொலைந்தது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அது இல்லாமல் மாட்டி, தன் மனைவியை அதில் ஏற்றி அனுப்பினார். தெரிந்தேதான் ஆஸ்பத்திரியில் நின்று அவள் எடையைச் சொன்னார். கரப்பான் என்று சொல்லி அவளை மண்டிபோட்டுத் தரை தேய்க்க வைத்ததும் தெரிந்தேதான். அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. “சாயந்திரம் அந்தப் பொண்ணு வருது. அதுகிட்ட இத சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள். “நல்லா டைட்டாத்தான் போட்டிருக்கேன்” என்றார், வாயில் சோற்றோடு. “அன்னைக்கும் அதைத்தான் சொன்னீங்க” என்றாள் அக்கா. அவர் எலும்பை எடுத்து மஜ்ஜையை உறிஞ்சினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் தட்டில் இருந்ததை நான் மூடி வைத்துவிட்டேன்.

அக்கா அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, சைக்கிள் விற்பனைக்கு இல்லை, மன்னித்துக்கொள் என்றாள். பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். நான் கூடப் போனேன். பக்கத்து வட்டாரச் சைக்கிள் கடையில் சீனர் ஒருவர் இருந்தார். இடது கையைக் கழற்றி, அச்சைத் துடைத்து, புதுத் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினார். திருகி ‘டிக்’ என்றது. அக்கா ஆங்கிலத்தில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என் எடைக்கு இது தாங்குமா என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். உன்னைப் போல் இரண்டு மடங்கு கனமான ஆட்கள் இதை மிதிக்கிறார்கள், ஏன் கேட்கிறாய் என்றார். அக்கா கடை வாசலில் நின்று அழுதாள். அவர் பயந்துபோய்க் கை துடைக்கும் காகிதத்தை நீட்டினார்.

அத்தான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரை இல்லை. அக்கா அவரை விட்டுப் போய்விடவும் இல்லை. எங்கள் வீடுகளில் அப்படியெல்லாம் நடப்பதில்லை, ஏன் நடப்பதில்லை என்று எனக்கு விளங்கவும் இல்லை. ஆனால் சமையலறையில் அவருக்கு இப்போது இடம் கிடையாது. குழவி, தராசு, தொட்டி எதையும் தொடக் கூடாது. பட்டை டப்பாவை அக்கா மூடியோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்கினாள். அவருடைய கிராங்க்கும் கிரீஸும் காரிடாரில், வெளிச்சம் பற்றாத இடத்தில் கிடக்கின்றன. அவர் இன்னும் ஈர உடுப்போடு லிட்டில் இந்தியாவில் தோசை தின்கிறார். புது ஆள் யாராவது வந்து உட்கார்ந்தால் அந்த மேம்பாலக் கதையைச் சொல்கிறாராம். அதே மாதிரி, வெயிட் என்ற சொல்லில் குரலை ஏற்றிச் சொல்கிறாராம். அக்காவே ஒரு தடவை அந்த மேசையில் இருந்து கேட்டிருக்கிறாள். அவள் வேறு பெண்களோடு ஓட்டி வந்து இறங்கியிருந்த நாள் அது.

போன ஞாயிறு அக்கா தெம்பனிஸிலிருந்து ஆங் மோ கியோவுக்கு என்னைப் பார்க்கச் சைக்கிளிலேயே வந்தாள். வியர்த்துக் கொட்ட உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஏற்றத்தில் ஒரு பையனை முந்தினேன் என்று சிரித்தாள். ஒட்டுப் போட்ட முன்பல் வெளிச்சத்தில் கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிந்தது. அவள் மெலியவில்லை. சொல்லப் போனால் கொஞ்சம் கூடியிருக்கிறாள். சர்க்கரை மட்டும் இறங்கியிருக்கிறது. இழுப்பறையில் எதையோ தேடும்போது அந்த உறை கையில் தட்டுப்பட்டது. எடுத்து அவளிடம் காட்டினேன்.

“இதைப் பாக்கவே எனக்குக் குமட்டுது க்கா. தூக்கிப் போட்டுடட்டுமா?”

அக்கா உறையை வாங்கிப் பிளாஸ்டிக்குக்கு மேலாக என் பல் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். “வேணாம், வச்சிரு. அவரு இன்னும் கதைய மாத்தல” என்று திருப்பிக் கொடுத்தாள்.

கீழே போய் அவள் சப்பாத்தைப் பெடலில் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே சைக்கிள், அதே கிராங்க். புளோக் முனையில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அங்கே எழுந்து நின்று, முழு உடம்பையும் இடது காலில் போட்டு மிதித்து ஏறினாள். ஒன்றும் கழன்று வரவில்லை. மேலே வந்து உறையை இழுப்பறையில் வைத்து மூடினேன். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.